மருமகளுக்கு ஹெச்பி 8.4ங்க, மாத்திரைய முழுங்க மாட்டேங்கறா. மில்லுப் பொம்பளைங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

ஊதியூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் காங்கேயம் பக்கம். எம் பையன் சம்சாரம் மாசமா இருக்கறா, இப்ப அஞ்சாம் மாசம் நடக்குது. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறா, கம்பெனி வேன் காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துரும்ங்க, ஒரு டீயக் குடிச்சுட்டு ஓடறதுதான். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்து ஹெச்பி (ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அளவு) 8.4ன்னு அட்டைல எழுதிக் குடுத்துட்டாங்க, செவப்பு மாத்திரை தெனம் ரெண்டு முழுங்கச் சொல்லிருக்காங்க. இவளுக்கு அத முழுங்குனா கொமட்டுது, வெளிக்குக் கருப்பாப் போகுது, பயமா இருக்குதுங்கறா. இதுல எங்க ஒறம்பரைல ஒரு பெரியம்மா வந்து மாத்திரை தின்னா கொழந்தை கருப்பாப் பொறக்கும், புள்ள ரொம்பப் பெருசாயி வயித்தக் கிழிச்சு எடுக்க வேண்டி வரும்னு சொல்லீட்டுப் போயிட்டாங்க. அன்னைல இருந்து மாத்திரைன்னாலே வாயத் தொறக்க மாட்டேங்கறா.

இன்னொன்னுங்க. சோத்துக்கு அரிசி களைய எடுத்து வெச்சா ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கறா. மொதல்ல மசக்கைன்னு விட்டுட்டேன், நாலு மாசந் தாண்டியும் நிக்கல.

நான் இத்தன வெசனப்படறதுக்குக் காரணம் இருக்குதுங்க. எங்கம்மா கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ரீலிங்ல இருந்தாங்க. 1979ல என்ர கடைசித் தம்பி பொறக்கறப்ப ரத்தம் பத்தாமத் தவறிட்டாங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அவங்க கை நெகமெல்லாம் கரண்டியாட்டம் குழிஞ்சிருக்கும், ஒரு சொட்டுத் தண்ணி விட்டா வழியாம நெகத்து மேலயே நிக்கும், எனக்கு அது வெளையாட்டு, திண்ணைல உக்காந்து சொட்டு சொட்டா விட்டுப் பாத்துட்டு இருப்பேன். அவங்களும் அடுப்பு மண்ணப் பேத்துப் பேத்துத் திம்பாங்க. இவ அரிசி திங்கறப்ப எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள வருது.

என்ர தங்கச்சி பொண்ணு கோயமுத்தூர்ல ஹோம் சயின்ஸ் படிக்குது. அதுதான் சொல்லுச்சு, ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா பஞ்சு மில்லுப் பொம்பளைங்களுக்கு மாசமா இருக்கறப்ப ரத்தம் இல்லாமப் போறதப் பாத்து, நம்ம குன்னூர்ல வந்து ஆராய்ச்சி பண்ணி, இந்த மாத்திரைல இருக்கற ஒரு சத்தே அதுலருந்து வந்துதுன்னு. நெசமுங்களா? நெசமுன்னா மருமகளுக்குச் சொல்லிப் புரிய வெக்கலாம்னு பாக்கறேன். அவளுக்கு என்ன சமைச்சுக் குடுக்கறதுன்னும் சொல்லுங்கோ.

---

அந்தியூர் நர்சக்கா

அம்மிணி, நான் கிராம சுகாதார செவிலியரா 31 வருசம் இருந்து ரிட்டையர் ஆனவ. மொதல்ல அந்த அரிசி. ரத்தத்துல இரும்பு கொறைஞ்சவங்களுக்கு அரிசி, மண்ணு, சாம்பலு, சிலேட்டுக்குச்சி, ஐஸ்கட்டி இதெல்லாம் திங்கோணும்னு ஒரு ஆச வரும். அவளத் திட்டாதீங்க, அவ ஒடம்பு கேக்குது. இரும்பு ஏற ஏற அந்த ஆச தன்னால விட்டுரும். உங்கம்மா மண்ணு தின்னதும், நெகம் குழிஞ்சதும் அதே சீக்குதான் கண்ணு, அப்ப யாரும் பாத்துச் சொல்லல.

8.4ங்கறது நடுத்தரமான ரத்தசோகை. மாசமா இருக்கறவங்களுக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான், 7ல இருந்து 9.9 வரைக்கும் நடுத்தரம், 7க்குக் கீழன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும். அந்தச் செவப்பு மாத்திரை ஒவ்வொண்ணுலயும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கு. சாதாரணமா தெனம் ஒண்ணு, 180 நாளு, கொழந்தை பொறந்த அப்புறமும் இன்னொரு 180 நாளு. கொறைஞ்சிருந்தா ரெண்டு, அதத்தான் உங்களுக்குச் சொல்லிருக்காங்க. ஒரு மாசங் கழிச்சு ஒரு பாயிண்ட்டாச்சும் ஏறியிருக்கோணும், ஏறலேன்னா மறுபடியும் டாக்டர் பாக்கோணும், இரும்புச் சத்து ஏத்தற அயர்ன் சுக்ரோஸ் ஊசி போடலாம், அது நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போடறாங்க.

வெளிக்குக் கருப்பாப் போறது ஒடம்பு எடுத்துக்காம மிஞ்சுன இரும்பு, அவ்வளவுதான், பயப்பட ஒண்ணுமில்ல. கொழந்த நெறம் அப்பன் ஆத்தா வழில வர்றது, மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. புள்ள பெருசாயிரும்னு பயந்து கர்ப்பிணிக்குச் சோத்தக் கொறைக்கறது நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கற பழக்கம், அதனால எடை கொறைஞ்சு ரெண்டு கிலோவுக்குப் பொறந்த கொழந்தைங்கள நான் கையில வாங்கியிருக்கேன், அந்தப் பேச்ச மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க.

கொமட்டறவங்க வெறும் வயித்துல போட வேண்டாம், மத்தியானம் சாப்ட்டு ஒரு மணி நேரங் கழிச்சு ஒண்ணு, ராத்திரி படுக்கப் போறப்ப ஒண்ணு. டீ, காப்பி, பாலு கூட கூடவே கூடாது. கால்சியம் மாத்திரையும் குடுத்திருப்பாங்க, ரெண்டையும் ஒண்ணா முழுங்குனா இரும்பு ஏறாது, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடோணும். மாத்திரை போடறப்ப ஒரு பெரிய நெல்லிக்காயோ எலுமிச்சந் தண்ணியோ குடுங்க. குடல் பூச்சி மாத்திரை நாலாம் மாசத்துக்கு மேல ஒரு தடவ குடுப்பாங்க, குடுத்தாங்களான்னு அட்டைல பாருங்க.

ஒண்ணு சொல்றேன். ஒரு தோட்டத்துச் சாளைல ஒரு பொண்ணு, ஏழாம் மாசம், ஒவ்வொரு தடவையும் ஹெச்பி கீழயே போகுது, மாத்திரை போடறயான்னா போடறேங்க்காங்கும். ஒரு நாளு மஞ்சள் வேவிக்கற கொப்பரை சாத்தி வெச்சிருந்துதே அதுக்குப் பின்னால எட்டிப் பாத்தேன், பதினோரு அட்டை பிரிக்காமக் கெடக்குது. எனக்குக் கோவம் வந்துது. அப்புறம் பக்கத்துல உக்காந்து ராத்திரி என்ன சாப்ட்டேன்னு கேட்டேன். எல்லாரும் சாப்ட்டு மிச்சம் இருந்தா சாப்புடுவேங்க்கா, இல்லாட்டி மோரக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்குவேன், அதுக்கு மேல மாத்திரைய முழுங்குனா வயித்தப் பொரட்டுதுங்குச்சு. அதுக்கப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மாத்திரை போட்டயான்னு மொதல்ல கேக்கறதில்ல, என்ன சாப்ட்டேன்னுதான் கேப்பேன். நீங்களும் அவகிட்ட அதக் கேளுங்க.

---

தாராபுரம் இயற்கை விவசாயி

அக்கா இந்த இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் எதுக்குங்க, நம்ம பாட்டிமாரு என்ன மாத்திரை தின்னாங்க. மாதுளை, பீட்ரூட் ஜூஸு, பேரீச்சம்பழம், முருங்கத்தழை சூப்பு, இரும்பு வடச்சட்டில சமையலு, இத ஒரு மாசம் குடுங்க, ரத்தம் தன்னால ஊறும். என்ர சம்சாரத்துக்கு இதான் குடுத்தோம்.

---

கோவை ஊட்டச்சத்து டீச்சர்

தம்பி சொன்ன முருங்கை, இரும்புச் சட்டி எல்லாம் நல்லதுதான், செய்யுங்க. ஆனா அஞ்சாம் மாசத்துல 8.4 இருக்கறவங்களுக்கு அத மட்டும் நம்பி ஒரு மாசம் விடறது ஆபத்து, தயவுசெஞ்சு விடாதீங்க. கர்ப்ப காலத்துல ரத்தத்தோட நீர்ப்பகுதி ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுது, கொழந்தைக்கு, நச்சுக்கொடிக்கு, பிரசவத்துல போற ரத்தத்துக்குன்னு மொத்தமா கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் இரும்பு வேணும். பீட்ரூட்டும் மாதுளையும் செவப்பா இருக்கு, அதோட சரி, இரும்பு அதுல கம்மி. கீரை, பயறுல இருக்கற இரும்பும் கொஞ்சந்தான் ஒடம்புல சேரும். பாட்டிமாரைப் பத்திக் கேட்டீங்க தம்பி. இந்த அக்காவோட அம்மா எப்படிப் போனாங்கன்னு அவங்களே மேல எழுதியிருக்காங்க.

இப்ப அக்கா கேட்டதுக்கு வர்றேன். உங்க தங்கச்சி பொண்ணு சொன்னது நெசம். அந்த டாக்டர் பேரு லூசி வில்ஸ். 1888ல இங்கிலாந்துல பொறந்தவங்க. 1928ல பம்பாய்க்கு வந்தாங்க, பேறுகாலத்துல பொம்பளைங்க ஏன் இத்தன பேரு சாவறாங்கன்னு ஆராயறதுக்காக மார்கரெட் பால்ஃபர்ங்கற டாக்டர் வரச் சொல்லி. அப்ப அங்க பஞ்சாலைல வேலை செய்யற பொம்பளைங்களுக்கு கர்ப்ப காலத்துல ஒரு மோசமான ரத்தசோகை வந்துட்டு இருந்துது. ரத்தத்த மைக்ராஸ்கோப்புல பாத்தா சிவப்பணு எண்ணிக்கைல கொறைஞ்சு, ஒவ்வொண்ணும் இருக்க வேண்டிய அளவவிட ஊதிப் பெருசா இருக்கும். சிலர் இது கிருமின்னாங்க. வில்ஸ் அந்தப் பொம்பளைங்க என்ன சாப்புடறாங்கன்னு போய்ப் பாத்தாங்க, எந்த சமூகம், என்ன வசதி, தட்டுல என்ன விழுதுன்னு. சாப்பாடு எங்க ரொம்ப மோசமோ அங்கதான் சீக்கும் அதிகம்னு தெரிஞ்சுது, ஏழை முஸ்லிம் பொம்பளைங்க கிட்டத்தான் ரெண்டுமே மோசம். நர்சக்கா அந்தக் கொப்பரைக்குப் பின்னால எட்டிப் பாத்துட்டுக் கேட்டாங்களே ஒரு கேள்வி, அந்தம்மாவும் அதத்தான் கேட்டாங்க. எனக்கு அதப் படிச்சப்ப மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

1929ல நம்ம மலை மேல குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தாங்க. ராபர்ட் மெக்காரிசன் நடத்துன ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் அங்கதான் இருந்துது (அதுதான் 1958ல ஹைதராபாத்துக்குப் போய் இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு, அதுக்குப் பின்னால தலைமை தாங்குன டாக்டர் சி.கோபாலன் நம்ம சேலத்துல பொறந்தவரு). அங்க எலிகளுக்கு அந்த மில்லுப் பொம்பளைங்க சாப்பாட்டையே குடுத்துப் பாத்தாங்க. எலிகளுக்கு ரத்தசோகை வந்துது, ஈஸ்ட் சேத்துக் குடுத்தா வரல. பின்னால பாத்தா எலிக்கு வந்ததுல பேன் மூலமாப் பரவற ஒரு கிருமிக்கும் பங்கு இருந்துருக்கு, அதனால எலிய மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியல. அப்புறம் ஒரு குரங்குக்கு அதே மாதிரி சாப்பாடு குடுத்து, அது ரொம்ப சோந்து போனப்ப மார்மைட் குடுத்தாங்க. மார்மைட்டுங்கறது பீர் காய்ச்சி மிஞ்சற ஈஸ்ட்டுல செய்யற ஒரு கருப்புப் பசை, இங்கிலாந்துல ரொட்டில தடவித் திம்பாங்க, வெல ரொம்ப சல்லிசு. குரங்கு எந்திரிச்சு உக்காந்துருச்சு. அதுக்கப்புறந்தான் நோயாளிப் பொம்பளைங்களுக்குக் குடுத்தாங்க, சில நாள்லயே பசி எடுக்க ஆரம்பிச்சுது, புது சிவப்பணு ஏற ஆரம்பிச்சுது. 1931ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதுனாங்க.

அப்ப ரத்தசோகைக்குப் பேர் போன மருந்து கல்லீரல்ல இருந்து எடுக்கற சாறு. அதையே ரொம்ப சுத்தப்படுத்திக் குடுத்தா இந்தப் பொம்பளைங்களுக்குக் கேக்கல, ஈஸ்ட்டுக்குக் கேட்டுச்சு, அப்ப இது வேற ஏதோ ஒரு பொருள்னு புரிஞ்சுது. பேரு தெரியாததால வில்ஸ் ஃபேக்டர்னே சொல்லிட்டு இருந்தாங்க. 1941ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல நாலு டன் ஸ்பினாச் கீரையப் போட்டு அதுலருந்து கொஞ்சூண்டு பிரிச்சு எடுத்து ஃபோலிக் ஆசிட்னு பேரு வெச்சாங்க, லத்தீன்ல ஃபோலியம்னா இலை. உங்க மருமக கையில இருக்கற மாத்திரைல 500 மைக்ரோகிராம் இருக்கறது அதுதான்.

அது அதோட நிக்கல. கொழந்தையோட முதுகுத்தண்டும் மூளையும் உருவாகற குழாய் கருத்தரிச்சு 28 நாளுக்குள்ள மூடிரும், பல பேருக்கு மாசமா இருக்கறதே அப்பத் தெரியாது. அந்த நேரத்துல ஃபோலிக் ஆசிட் பத்தாட்டி தண்டுவடம் மூடாமப் பொறக்க வாய்ப்பு கூடுது. ஏற்கனவே அப்படி ஒரு கொழந்தை பொறந்த தாய்மாருக்கு முன்கூட்டியே ஃபோலிக் ஆசிட் குடுத்தா மறுபடி வர்றது 72 சதவீதம் கொறையுதுன்னு 1991ல ஒரு பெரிய ஆய்வு காட்டுச்சு. அதனால கல்யாணமாகி கொழந்தைக்குப் பாக்கற பொண்ணுங்க முன்னாடியே தொடங்கறது நல்லது, இத உங்க ஒறம்பரைல எல்லா வீட்டுலயும் சொல்லுங்க.

சாப்பாட்டுக்கு வெளிய எங்கயும் போக வேண்டாம். அரிசியும்பருப்புஞ் சோறு ஆக்கறப்ப பருப்ப ஒரு பிடி கூடப் போடுங்க. பாசிப்பயறு, தட்டப்பயறு கடைசல் ரெண்டுலயும் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்துதான், சாப்பாட்டுல இருக்கறப்ப இந்தப் பேரு) நல்லா இருக்கு. கீரை வேவிச்ச தண்ணியக் கீழ ஊத்தாதீங்க, ஃபோலேட் அந்தத் தண்ணிலதான் கரைஞ்சு கெடக்கும், சூட்டுலயும் அழியும், அதனால கொஞ்ச நேரம் வேவிச்சா போதும். கறி சாப்புடறவங்கன்னா வாரம் ஒரு தடவ ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) நல்லா வேவிச்சுக் குடுங்க, அந்த இரும்பு சீக்கிரம் சேரும். ஈரல் மட்டும் அடிக்கடி வேண்டாம், வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பிணிக்கு ஆகாது. சுத்த சைவம்னா வைட்டமின் பி12 பாக்கச் சொல்லுங்க, இரும்பு குடுத்தும் ஏறாட்டி காரணம் அதுவாவும் இருக்கலாம், பரம்பரையா வர்ற தலசீமியாங்கற ரத்தக் கோளாறாவும் இருக்கலாம்.

---

திருப்பூர் லைன்ல இருக்கறவ

அக்கா நானும் கம்பெனிதான், ஓவர்லாக். எனக்கு ரெண்டாவது கொழந்தை அப்ப ஹெச்பி 9. எங்களுக்கு டீ பிரேக் பத்தரைக்கும் நாலு மணிக்கும், சாப்பாடு ஒரு மணிக்கு. நான் மாத்திரைய ரெண்டு மணிக்கு போட்டுக்குவேன், ரெண்டு டீக்கும் நடுவுல வந்துரும், போன்ல அலாரம் வெச்சுக்கிட்டேன். காலைல சாப்புடாம போறதுதான் பெரிய தப்புங்க்கா, வேன்ல சாப்புட ரெண்டு ராகி அடையோ சந்தவையோ டப்பால போட்டுக் குடுங்க, கூட ஒரு கடலை உருண்டை. மிஷின் முன்னால தலை சுத்தி நான் ஒரு தடவ விழுந்திருக்கேன், ஊசி வெரல்ல ஏறிருச்சு, அப்பத்தான் எனக்கே உறைச்சுது. மலச்சிக்கல் வரும், தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க, பாத்ரூம் போகணுமேன்னு பயந்து நாங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல.

---

மேட்டுப்பாளையம் ரோடு 97 பேட்ச்

கொழந்தை பொறந்த பின்னாடிக்கும் சேத்து ஒண்ணு சொல்லிடறேன். நான் அவிநாசிலிங்கத்துல ஹோம் சயின்ஸ் படிச்சவ. 1957ல தொடங்குன காலேஜு, எங்க ராஜம்மாள் தேவதாஸ் அம்மா அதுக்குத் தலைமையா இருந்தாங்க, 1919ல பொறந்து அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில டாக்டர் பட்டம் வாங்கிட்டு இங்க வந்து பள்ளிக்கூடச் சாப்பாடு, கிராமத்துத் தாய்மார், கைக்கொழந்தை உணவுன்னே வாழ்ந்தவங்க, துணைவேந்தர் ஆனாங்க, 1992ல பத்மஸ்ரீ. எங்க காலேஜுல உருவாக்குன குழந்தை அமுதுன்னு ஒரு மாவு இருக்குதுங்க, அந்தக் கணக்கு எனக்கு இன்னைக்கும் மறக்கல: சோளமோ கேழ்வரகோ மக்காச்சோளமோ மூணு பங்கு, வறுத்த பாசிப்பயறு ரெண்டு, வறுத்த நெலக்கடலை ஒண்ணு, வெல்லம் ரெண்டு. எல்லாம் நம்ம காட்டுல வெளையறது. தானியத்துல கொறையற புரதக் கூறு பயறுல இருக்கு, பயறுல கொறையறது தானியத்துல இருக்கு, ரெண்டும் சேந்தா கொழந்தைக்கு முழுசாக் கெடைக்கும்னு லேப்ல வறுத்து அரைச்சு நாங்களே செஞ்சு பாப்போம், அந்தப் பாசிப்பயறு வறுபடற வாசம் காரிடார் முழுக்க அடிக்கும்.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம், அதுக்கப்புறந்தான் இது. இப்ப சொல்ற கணக்குப்படி ரெண்டு வயசுக்குள்ள இனிப்பு சேக்காம இருக்கறது நல்லது, அதனால வெல்லத்த விட்டுட்டு கட்டியா களி பதத்துல ஊட்டுங்க. கடலைல பூஞ்சை பிடிச்சது, சுருங்குனது, கசக்கறது ஒண்ணு இருந்தாலும் பொறுக்கிப் போட்டுருங்க, அந்த நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது. தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல கூட வெக்காதீங்க.

---

ஊதியூர் அம்மா

அஞ்சு வாரங் கழிச்சு எழுதறேனுங்க, எல்லாரும் மன்னிக்கோணும், நடுவுல நோம்பி வந்துருச்சு, ஒறம்பரை வந்து போயிட்டு இருந்தாங்க.

நர்சக்கா சொன்னாப்ல மாத்திரையப் பத்திப் பேச்சே எடுக்காம, ராத்திரி என்ன கண்ணு சாப்ட்டேன்னு கேட்டேனுங்க. அழுதுட்டா. வேன் வந்து எறங்கறப்ப எட்டரை ஆயிருது, எல்லாரும் சாப்ட்டு முடிச்சிருப்போம், தனியா உக்காந்து சாப்புட ஒரு மாதிரி இருக்குதுங்க அத்தைன்னா. நான் இது வரைக்கும் அதக் கவனிக்கவே இல்ல. அன்னைல இருந்து நான் சாப்புடாம இருந்து அவ வந்த பின்னாடி ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காருறோம். குன்னூர்ல குரங்கு எந்திரிச்சு உக்காந்த கதையச் சொன்னேன், எங்கம்மா நெகத்தப் பத்தியும் சொன்னேன். இவ நெகத்த என்ர முன்னால நீட்டி, பாருங்க அத்தை குழி இருக்குதான்னு கேட்டா. இல்லீங்க, தட்டையாத்தான் இருந்துது.

நேத்து ரத்தம் பாத்தாங்க, 9.7. டாக்டரம்மா இதே மாதிரி தொடரச் சொல்லிட்டாங்க. அரிசி திங்கறது ரெண்டு வாரமா இல்ல, அரிசிப் பானைய நான் தெனம் பாத்துட்டுத்தான் இருக்கறேன். காலை டீய இன்னும் விட மாட்டேங்கறா, மாத்திரை மத்தியானந்தான் போடறாளாம், சரின்னு விட்டுட்டேன். பெரியம்மா மறுபடியும் வந்தாங்க, நானே திண்ணைல உக்கார வெச்சுச் சொல்லி அனுப்பிட்டேன்.

வர்ற மாசம் மருமகளுக்குக் கட்டுச்சோறு விருந்து (வளைகாப்பாட்டம்) வெச்சிருக்கறோம். டீச்சரம்மா, அந்தச் சுவரொட்டிய எத்தன நேரம் வேவிக்கோணும்னு மட்டும் சொல்லுங்கோ, ஞாயித்துக்கெழமை கறிக்கடைல சொல்லி வெச்சிருக்கறேன்.

---

கோவை ஊட்டச்சத்து டீச்சர்

9.7 பாத்து ரொம்ப சந்தோசம்க்கா. சுவரொட்டிய மஞ்சத்தூள் போட்டுக் கழுவி, நறுக்குனா உள்ள செவப்பு ஒரு சொட்டுக் கூடத் தெரியாத வரைக்கும் வேவிச்சுட்டு அப்புறம் மொளகு போட்டு வதக்குங்க. எறக்கி வெச்ச பின்னாடி அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சு விடுங்க.